ஒற்றைக்கால் ஷூவோடு ஆம்பூருக்கு

என் நிறுவனத்தின் மொத்த உற்பத்தியும் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். அது ஒரு வலதுகால் ஷூ. வெள்ளைத் தோல், மெத்தென்ற அடிப்பாகம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் நர்சுகளுக்காகச் செய்தது. இந்த ஒற்றை ஷூ ஒரு வருடத்தில் நான்கு மேடை ஏறியிருக்கிறது, இரண்டு பரிசு வாங்கியிருக்கிறது, பலரோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு யாரும் நடந்ததுதான் இல்லை.

மேடையில் நடுவர்கள் நல்ல நல்ல கேள்விகளாகக் கேட்டார்கள். ஐந்து வருடம் கழித்து உங்கள் சந்தை எவ்வளவு பெரிதாக இருக்கும், ஷூவுக்குள் செயற்கை நுண்ணறிவை வைக்க முடியுமா, அமெரிக்காவில் விற்பீர்களா. எல்லாவற்றுக்கும் என்னிடம் வண்ணப்படத்தோடு பதில் இருந்தது. இடதுகால் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது எலிசபெத் சிஸ்டர் மட்டும்தான். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் தலைமை. வீடியோ அழைப்பில் நான் ஷூவைத் திருப்பித் திருப்பிக் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இன்னொரு காலு எங்கம்மா?" என்றார்.

"வருதுங்க சிஸ்டர்."

"வரட்டும். ஜோடியா எடுத்துக்கினு சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வா. எங்க பொண்ணு ஒருத்திகிட்ட ஒரு ஷிஃப்ட் போட்டுப் பாக்கக் குடுக்கறேன். நல்லா இருந்தா அவளே எழுதிக் குடுப்பா."

அந்தக் கடிதம்தான் எனக்கு உயிர். கோயம்புத்தூரில் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் காப்பி இயந்திரத்தைத் தொடும் உரிமையும் கொடுத்திருந்த, புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேஷன் சென்டர், மாதக் கடைசிக்குள் இந்த ஷூவை உண்மையிலேயே போட்ட ஒரு ஆளைக் காட்டு, இல்லாவிட்டால் மேசையைக் காலி செய் என்று மிக அன்பாக எழுதியிருந்தது. கூட ஆரம்பித்த நண்பன் ஏற்கெனவே பெங்களூரில் பழைய வேலைக்கே திரும்பிவிட்டான். அவன் விட்டுப்போன தொட்டிச் செடியும் நானும்தான் நிறுவனத்தில் மிச்சம். செடி என்னைவிடச் செழிப்பாக இருந்தது.

ஆகவே பயணம். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சுவிட்சர்லாந்து போகிறார்கள். நான் இடதுகால் வாங்க ஆம்பூருக்குப் போனேன்.

புதன்கிழமை இறங்கினேன். ஊர் முதலில் மூக்கில்தான் ஏறியது. ஒரு பக்கம் தோல் பதனிடும் வாடை, மறுபக்கம் தம் பிரித்த பிரியாணி. இரண்டும் என் மூக்குக்குள் கொஞ்ச நேரம் சண்டை போட்டன. முகத்தைச் சுளித்ததை ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே ஆடுதாம்மா. தோலு அந்தப் பக்கம் போவுது, கறி இந்தப் பக்கம் வருது" என்றார்.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை, கடைகளில் அண்டா பாதி காலி. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்குப் பிரியாணி கேட்டால் வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரிப்பார்கள். இங்கே வேட்டி கட்டிய ஒருவர் காலைப் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீரகச் சம்பா, மிளகாய்ச் சிவப்பு, கூடவே புளிப்பாக எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய். கத்திரிக்காய்க்கு இத்தனை மரியாதை கொடுக்கும் ஊரை நான் பார்த்ததில்லை. பரிமாறியவர், "கத்திரிக்கா எத்தினி வாட்டி வேணா கேளு, குடுப்போம். பீஸ் மட்டும் கேக்காத" என்று தொழில் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டார். எந்த முதலீட்டாளரும் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

என் வலதுகாலைச் செய்தவர் அன்வர் பாய். நாற்பதை ஒட்டிய வயது, விரலெல்லாம் பசை காய்ந்திருக்கும். பெரிய கம்பெனிகளுக்குச் சாம்பிள் ஷூ செய்து கொடுப்பது அவர் தொழில். அதுவரை போனில்தான் பழக்கம். சந்துக்குள் ஒரு மாடி, மூன்று தையல் மெஷின், சுவர் முழுக்க அலமாரி. பையிலிருந்து ஷூவை எடுத்து வைத்தேன்.

"இன்னாம்மா, ஒத்த ஷூவ அப்டியே புதுசா வெச்சிருக்க!"

"இடது கால் வரும்னு காத்துட்டு இருந்தனுங்க."

அன்வர் பாய் என்னைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு அவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார்.

"சாம்பிள்னா ஒத்தக் காலுதாம்மா. ஆர்டர் குடுக்கற பையருக்குக் காட்டறதுக்கு ஒண்ணு போதும். ஜோடியா குடுத்தா எவனாச்சும் மாட்டிக்கினு போய்ட்டான்னா?"

இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியுமாம். நான் ஒரு வருடமாகக் கூரியர் ஆபீசை இடதுகால் திருடர்கள் என்று நினைத்து மூன்று முறை சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் கூரியர் தம்பிக்கு இந்தக் கட்டுரை வழியாக மன்னிப்பு.

"அந்த லாஸ்ட் இப்ப இல்ல. ஆர்டர் முடிஞ்சதும் பையர் எடுத்துக்கினு போய்ட்டான். வேற ஒண்ணுல போட்டுத் தர்றேன். ஓகேவா?"

லாஸ்ட் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஷூ நிறுவனம் நடத்துகிறவள் அதைக் கேட்டால் நன்றாக இருக்காது. பதினான்கு மாதத்தில் நான் கற்ற ஒரே வித்தை, புரியாத இடத்தில் அழுத்தமாகத் தலையாட்டுவது.

"ஓகேங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை காலைல வா. மதியத்துக்கு மேல தொழுவப் போய்டுவேன்."

இடையில் வியாழக்கிழமை சும்மா கிடந்தது. அதை வீணாக்காமல் இருக்க இன்குபேஷன் சென்டர் எனக்கு ஒரு உதவி செய்தது. ஏலகிரியில் தொழில்முனைவோருக்கு ஒருநாள் முகாம். தலைப்பு, உங்கள் நோக்கத்தைக் கண்டடையுங்கள். போகாவிட்டால் மேசை விஷயத்தில் மதிப்பெண் குறையும் என்பதால் என் நோக்கத்தைக் கண்டடையக் கிளம்பினேன்.

மலையேறும் பஸ் ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். கண்டக்டர் பயணிகளிடமிருந்து தண்ணீர் பாட்டில்களை வசூல் செய்து இன்ஜினுக்கு ஊற்றினார். "குடிச்ச மிச்சமா இருந்தாலும் பரவால்ல, குடுங்க, அது இன்னா சொல்லப் போவுது" என்றார். அன்றைக்கு நான் பார்த்த கூட்டு முயற்சிகளில் பலன் தந்தது இது ஒன்றுதான்.

மேலே எட்டுப் பேர் வட்டமாக நின்றோம். நாய்களை நடக்க அழைத்துப் போக ஆப் செய்தவர், தினையை மாதச் சந்தாவில் விற்கிறவர், இப்படி. வழிகாட்டி கழுத்தில் மணிமாலை போட்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்று பூமியை உணரச் சொன்னார். புல்லுக்குள் தொட்டாற்சிணுங்கி. பூமியை நன்றாகவே உணர்ந்தோம்.

பிறகு ஒவ்வொருவரும் ஏன் இந்தத் தொழிலைச் செய்கிறோம் என்று மனம் திறக்க வேண்டும். என் முறை வந்ததும் அம்மா கதையைச் சொன்னேன். என் அம்மா முப்பது வருடம் நர்சாக நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருவார், நான் சிறுமியாக அந்தக் கால்களைப் பிடித்துவிடுவேன். பதினோராவது முறையாகச் சொல்கிறேன். தினைக்காரர் அழுதேவிட்டார். உண்மையில் என் அம்மா வங்கியில் கிளார்க். முப்பது வருடம் உட்கார்ந்திருந்தார், அதில் முதுகுவலி. ஆரம்பத்தில் யாரோ ஒரு ஆலோசகர், கதை இல்லாமல் ஷூ விற்காது என்றார். அன்று இரவே அம்மாவை நர்சாக்கிவிட்டேன்.

"நாங்க இருக்கோம் சுகந்தி" என்று ஏழு பேரும் கட்டிப்பிடித்தார்கள். உடனே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். பெயர், ஆணிவேர்கள். நோக்கத்தை மஞ்சள் காகிதத்தில் எழுதிப் பலா மரத்தில் ஒட்டினோம். தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்து பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் ஒட்டி வெச்சா காய எப்டி தட்டிப் பாக்கறது? போறப்ப பிச்சிக்கினு போய்டுங்க."

இறங்கும்போது குழுவில் ஒரு செய்தி போட்டேன். நாளைக்கு ஆம்பூரில் ஷூ ஜோடி வருகிறது, சனிக்கிழமை வேலூரில் பரீட்சை, பயமாக இருக்கிறது, யாராவது கூட வர முடியுமா. ஏழு சிவப்பு இதயங்கள் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. அன்வர் பாய் வீட்டுப் பக்கம் போக ரோட்டில் நின்றேன். ஒரு வெள்ளை பஸ் வந்தது, பத்துப் பதினைந்து பெண்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"அது சாந்தி சீட்டு. எந்திரி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எழுந்து பின்னால் போனேன். "அது ரஹ்மத்து சீட்டு." நின்றுகொண்டேன்.

"புதுசா? எந்த செக்ஷனு?"

"அன்வர் பாய் வீட்டுக்குப் போகோணுங்க. டிக்கெட் யாருகிட்டங்க வாங்கறது?"

பஸ்ஸே சிரித்தது. "இது கம்பெனி பஸ்ஸும்மா. நடுவுல யாரையும் எறக்காது. ஷூ கம்பெனி கேட்டுக்குள்ளதான் எறக்கும்."

இப்படியாக ஆள் எடுக்காமலே வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய சாந்தி, நல்ல உடம்பு, நல்ல குரல், தன் சீட்டில் பாதியை எனக்குக் கொடுத்தாள். டப்பாவைத் திறந்து ஒரு இட்லியும் கொடுத்தாள்.

"கோயம்புத்தூரா? உங்க ஊர்ல எல்லாத்துக்கும் 'ங்க' போடுவீங்களாமே. நாய்க்குக் கூடவா?"

"நாய்க்குப் போடறதில்லீங்க."

பையில் என்ன என்று கேட்டாள். ஷூவை எடுத்தேன். அது பஸ் முழுக்கக் கை மாறியது. ஒருத்தி தையலை நகத்தால் நெருடினாள். ஒருத்தி அடிப்பாகத்தை வளைத்து விட்டுப் பார்த்தாள். ஒருத்தி உள்ளே முகர்ந்தாள். நான்கு மேடையில் என் ஷூவைத் தொட்ட யாரும் இப்படித் தொட்டதில்லை. எல்லோரும் கண்ணாடிப் பாத்திரத்தை வாங்குவதுபோல் வாங்கி, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவர்கள்.

"வேலை சுத்தமாத்தான் இருக்குது" என்றாள் சாந்தி. "முப்பத்தேழு பாத்தாளா?"

"யாருங்க அது?"

பெண்கள் ஷூவில் சாம்பிள் செய்வதெல்லாம் முப்பத்தேழாம் நம்பர் அளவில்தான். இவர்கள் கம்பெனியில் பேக்கிங் லைனில் தேவகி என்று ஒருத்தி. அவளுக்கு இரண்டு காலும் நூல் பிசகாமல் முப்பத்தேழு. அதனால் வெளிநாட்டுக்கு எந்தப் புது மாடல் செய்தாலும் லைனில் இருந்து அவளைக் கூப்பிட்டு, இரண்டு காலுக்கும் போட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அவள் கடிக்கிறது என்றால் கடிக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயரே முப்பத்தேழுதான்.

"வெள்ளைக்காரி போடற ஷூவெல்லாம் மொதல்ல இவ காலுல போய்ட்டுதான் கப்பல் ஏறும்" என்றாள் சாந்தி.

எனக்கு ஐந்து பேர் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கிறது. அதில் இரண்டு பேர் பேராசிரியர்கள். ஒருவருக்கும் முப்பத்தேழாம் நம்பர் கால் கிடையாது. சாந்தி பஸ்ஸிலிருந்தே தேவகிக்குப் போன் போட்டு, சாயங்காலம் அவள் இறங்கும் நிறுத்தத்தில் என்னை நிற்கச் சொன்னாள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி என்னைப் பதிவேட்டில் எழுதாமல் விடவில்லை. வந்த காரணம் என்ற இடத்தில், பஸ் மாறி ஏறிவிட்டார் என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

ஷேர் ஆட்டோ பிடித்து அன்வர் பாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இடதுகால் தயார். இரண்டையும் சேர்த்து வைத்தேன். ஒரு வருடமாகத் தனியாக இருந்த ஷூவுக்குத் துணை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. படம் எடுத்து ஆணிவேர்களுக்கு அனுப்பினேன். ஏழு இதயங்கள்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் தேவகி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். என் வயதுதான் இருக்கும், முப்பத்துநான்கு, முப்பத்தைந்து. கழுத்தில் அடையாள அட்டை. வணக்கம் சொல்ல வாயெடுத்தேன், அவள் என் பையைப் பார்த்து, "எடு" என்பதுபோல் கை நீட்டினாள். டீக்கடை குழாயில் காலைக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் மாட்டினாள். எழுந்து ஒற்றைக்காலில் நின்றாள், குந்தினாள், கடைப் படியில் ஏறி இறங்கினாள், டிரான்ஸ்ஃபார்மர் வரை நடந்து திரும்பினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படிங்க இருக்கு?"

"ஒரு மணி நேரம் ஆவணும். மொத பத்து நிமிசம் காலு சும்மா நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லும், நம்பக் கூடாது."

அந்த ஒரு மணி நேரமும் அவள் வேலையைப் பார்த்தாள். பால் வாங்கினாள், ரேஷன் கடையில் எப்போது சர்க்கரை வரும் என்று சண்டை போட்டாள், தண்ணீர்க் குடம் தூக்கினாள். நான் பின்னாலேயே நடந்தேன்.

"நீ எதுக்கு இத செய்யற?" என்று நடுவில் கேட்டாள்.

அம்மா கதை வாய் வரை வந்தது. குடத்தோடு நடக்கிறவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியலீங்க. வேலை போரடிச்சது. ஒரு போட்டி வெச்சாங்க, கலந்துக்கிட்டேன், ஜெயிச்சுட்டேன். அப்பறம் விட முடியல" என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னா தெரிஞ்சுது? காலு முப்பத்தேழு. கூப்ட்டாங்க, போனேன்" என்றாள் தேவகி. மலைமேல் எட்டுப் பேர் முள்ளில் நின்று தேடியதை இவள் குடத்தை இடுப்பு மாற்றுவதற்குள் முடித்துவிட்டாள்.

டீக்கடைக்குத் திரும்பி ஷூவைக் கழற்றினாள். "எடது நல்லா இருக்குது. வலது கடிக்குது."

"மாத்திச் சொல்றீங்களா? வலதுதானுங்க பரிசு வாங்குனது."

"பரிசு குடுத்தவங்க போட்டுப் பாத்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அவங்களுக்குக் கடிக்காது."

காலை நீட்டிக் காட்டினாள். வலது சுண்டுவிரல் ஓரம் சிவந்து தடித்திருந்தது. லாஸ்ட் என்றால் என்ன என்று அப்போதுதான் தேவகி சொல்லித் தெரிந்துகொண்டேன். தோலை இழுத்து மாட்டி ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் பிளாஸ்டிக் கால் அது. அதன் வடிவம்தான் ஷூவின் வடிவம். என் வலதுகால் ஷூ வெளிநாட்டு ஆர்டருக்கு வந்த லாஸ்ட்டில் ஏற்றியது. முன்பக்கம் குறுகல், பார்க்க அழகு. இடது, அன்வர் பாய் உள்ளூர் ஆட்களுக்கென்று முன்பக்கம் அகலமாகச் செய்து வைத்திருந்த வேறு லாஸ்ட்டில் ஏற்றியது.

"நம்ம காலு முன்னாடி விரிஞ்சு இருக்கும். கம்பெனில நான் கடிக்குதுன்னு சொன்னா, வெள்ளைக்காரிக்குக் கடிக்காது விடுன்னுவாங்க" என்றாள் தேவகி. அன்வர் பாய்க்குப் போன் போட்டேன். "அன்னிக்கே கேட்டேனேம்மா, நீதான ஓகேன்ன" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் இதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். தேவகியிடம் சொன்னேன்.

"நீ சொல்லாம குடுத்தாலும் அந்தப் பொண்ணு போட்டுக்கும். பெரிய சிஸ்டரு சொன்னா போட்டுத்தான ஆவணும்" என்றாள். அடுப்பு வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை வேலூர் பஸ்ஸில் நான்கு முறை முடிவெடுத்தேன். இரண்டு முறை சொல்லிவிடுவது என்றும், இரண்டு முறை வாயை மூடிக்கொள்வது என்றும். அந்த நர்சின் கால் குறுகலாக இருந்தால் கடிக்காதே, என்று ஒரு யோசனை. கடித்தாலும் புது ஷூ என்றால் கடிக்கும்தானே என்று இன்னொரு யோசனை. மேசை, நாற்காலி, காப்பி இயந்திரம், வீட்டில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் ஞாபகம் வந்தன. சிக்னலில் பஸ் நின்றபோது முடிவு வாயை மூடிக்கொள்ளும் பக்கம்தான் இருந்தது.

எலிசபெத் சிஸ்டர் வீடியோவில் பார்த்ததைவிடக் குட்டையாக, இரண்டு மடங்கு வேகமாக இருந்தார். "ஜோடியா கொண்டாந்தியா, நல்லது" என்று சொல்லிவிட்டு ஜெனிஃபர் என்ற பெண்ணைக் கூப்பிட்டார். இருபத்துமூன்று வயது இருக்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றினாள். அந்த ஷூவில் சுண்டுவிரல் பக்கம் ஒரு கீறல், உள்ளே சாக்ஸ் தெரிந்தது.

"கிழிஞ்சிருக்குதுங்களே?"

"இல்லக்கா, கடிக்குதுன்னு நாந்தான் பிளேடால வெட்டிக்கினேன். இங்க நெறைய பேரு வெட்டிக்குவாங்க" என்று சிரித்தாள். என் வலதுகால் ஷூவை எடுத்து நுழைக்கப் போனாள்.

"போடாதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். இடதும் வலதும் வேறு வேறு லாஸ்ட், வலது கடிக்கும், ஒரு வருடமாக நான் கடிக்கிற ஷூவைக் காட்டித்தான் பரிசு வாங்கினேன். ஆரம்பித்தது ஆரம்பித்துவிட்டது என்று, என் அம்மா நர்ஸ் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அது தெரியும்" என்றார் சிஸ்டர். "நர்ஸ் பெத்த பொண்ணு ஒத்த ஷூவத் தூக்கிக்கினு வராது."

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நானு நாளைக்கு ட்ரெய்னிங் போறேன், ரெண்டு மாசம். வந்தப்பறம் பாப்போம். இப்போ ஷிஃப்ட் மாறற நேரம். வந்தது வந்துட்ட, அந்த பெஞ்சுல குந்து. மூஞ்சப் பாக்காத, கால மட்டும் பாரு."

ஒரு மணி நேரம் கால்களை மட்டும் பார்த்தேன். மேசைக்கு அடியில் ஷூவைப் பாதி கழற்றி ஒற்றைக்காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள். குதிகாலை மடித்துச் செருப்பாக்கிக்கொண்டவர்கள். வெட்டிய ஷூக்கள், நான் எண்ணுவதை நிறுத்தும் வரை. நர்சுகளின் வலி என்ற சொற்களை நான் மேடையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே கோபம் வந்தது, பாதி என் மேல்தான்.

இன்குபேஷன் சென்டருக்குக் கடிதம் கிடைக்கவில்லை என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில். மாதக் கடைசியில் மேசையை ஒப்படைக்கவும், உங்கள் பயணம் சிறக்க வாழ்த்துகள். ஆணிவேர்களுக்கும் சொன்னேன். இந்த முறை ஐந்து இதயங்கள்தான், அதில் ஒன்று உடைந்தது.

மதியம் ஊருக்கு ரயில் பிடிக்கக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியவள், ஆம்பூர் பஸ்ஸில் ஏறினேன். இதை நோக்கம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை மலைமேலே மரத்தில் ஒட்டிவிட்டு வந்தாயிற்று. அந்தப் பெண் ஷூவைப் பிளேடால் வெட்டியது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளி அரை நாள் விடுமுறை விட்டதால் ஞாயிறு அன்வர் பாய்க்கு வேலைநாள். அகல லாஸ்ட்டில் ஒரு வலதுகால் வேண்டும் என்றேன். அவர் தோலை வெட்ட ஆரம்பித்தார். நான் உதவுகிறேன் என்று, பாதத்துக்கு அடியில் வரும் உள்தகட்டைத் தலைகீழாக ஒட்டினேன். "நீ டீ சொல்லு, அது போதும்" என்றார்.

நாலு மணிக்குத் தேவகி வந்தாள். சந்தைக்குப் போகிறாளாம், வழியில் அன்வர் பாயின் போன் வந்ததாம். இரண்டு காலையும் மாட்டினாள், நின்றாள், குந்தினாள், அதைப் போட்டுக்கொண்டே சந்தைக்குப் போய்விட்டாள். ஒன்றரை மணி நேரம் நானும் அன்வர் பாயும் படியைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம்.

"எத்தினி ஜோடி போட்டுப் பாத்திருப்பா" என்றார் அவர் கடைசியில். "எல்லாத்தையும் கழட்டி, தொடைச்சு, டப்பாவுல வெச்சிட்டுப் போற ஆளு."

தேவகி காய்கறிப் பையோடு திரும்பினாள். பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தாள். வெள்ளையில் அழுக்குத் தெரிகிறது, கறுப்பு வேண்டும். ஷூ நாக்கின் ஓரம் கொஞ்சம் உரசுகிறது, மடித்துத் தைக்க வேண்டும். குதிகால் பக்கம் ஒரு விரல் உயரம் ஜாஸ்தி.

"கடிக்குதுங்களா?"

"கடிச்சா நின்னுக்கினு பேசுவனா? அது இன்னா, நர்சுக்கு மட்டும்? பேக்கிங் லைனுல நாங்க இன்னா படுத்துக்கினா இருக்கோம்? எட்டு மணி நேரம் நிக்கறோம்."

ஐந்து வருடத் திட்டத்தில் நான் அமெரிக்காவுக்கெல்லாம் இடம் ஒதுக்கியிருந்தேன். நின்றுகொண்டே ஷூ செய்கிறவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினேன். அதற்குள் கீழே ஹாரன் சத்தம் கேட்டது, தேவகி, "எங்க ஊரு பஸ்ஸு!" என்று பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். சந்து முனையில் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

"தேவகி! செருப்பு! உங்க செருப்புங்க!"

அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அது இன்னாத்துக்கு? தூக்கிப் போடு!" என்றாள்.